கார் எடுத்து சக்குரா பார்க்க: வாசகர் கேள்வி–பதில்

தைப்பூசம் முடிந்த கையோடு ஜப்பானின் சக்குரா (செர்ரி மரப் பூ) பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை: டோக்கியோவில் தங்கிக்கொண்டு, ஒரே ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, வெளியூர் போய்ப் பூ பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது எப்படி? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

செந்தூல், கோலாலம்பூர்: மார்ச் கடைசி வாரத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டோக்கியோவில் இறங்கிய மறுநாளே காரில் புஜி மலைப் பக்கம் போவதாகத் திட்டம். பூ கட்டாயம் இருக்குமா?

டோக்கியோ நகருக்குள் இருக்க வாய்ப்புண்டு. புஜி மலை அடிவாரத்தில் அநேகமாக மொட்டுகளைத்தான் பார்ப்பீர்கள்.

ஜப்பான் வானிலை ஆய்வகத்தின் 1991–2020 சராசரிப்படி டோக்கியோவில் பூ விடும் நாள் மார்ச் 24. முழுதாகப் பூத்து நிற்கும் நாள் மார்ச் 31. ஆனால் சராசரி வேறு, அந்த ஆண்டின் பூ வேறு. 2023-இல் மார்ச் 14-ஆம் தேதியே பூத்துவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 29 வரை இழுத்தது. ஒரே ஊர், ஒரே மரம், பதினைந்து நாள் வித்தியாசம்.

‘ஒரே மரம்’ என்றது பேச்சுக்கு அல்ல. டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் ‘பூத்தது’ என்று அறிவிப்பார்கள். எண்பது விழுக்காடு விரிந்தால் ‘முழு மலர்ச்சி’. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம் ஓடும். செய்தியில் ‘பூத்தது’ என்று கேட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வெறுங்கிளையில் ஐந்தாறு பூதான் கிடைக்கும். முழு மலர்ச்சிக்குப் பின் ஒரு வாரம் தாங்கும். நடுவில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் அதுவும் இல்லை.

ஊர் முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுவதற்குக் காரணம் உண்டு. நகரத்துச் சாலைகளிலும் பூங்காக்களிலும் பெரும்பகுதி சோமெய் யொஷினோ என்ற ஒரே வகை. விதை போட்டு வளர்த்ததல்ல, ஒட்டுக்கட்டிப் பெருக்கியது. ஆயிரம் மரம் நின்றாலும் மரபணுவில் அவை ஒரே மரம்; ஒரே வெப்பத்துக்கு ஒரே மாதிரி விழிக்கும். அதனால் டோக்கியோவில் ஒரு பூங்காவில் தவறவிட்டால் பக்கத்துப் பூங்காவிலும் தவறவிட்டதுதான்.

கார் உதவுவது இங்கேதான். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கவாகுச்சிகோ ஏரி ஏறக்குறைய 830 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டோக்கியோவைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. ஆகவே பூவும் ஒரு வாரம் பத்து நாள் பிந்தும். டோக்கியோவில் கொட்டிவிட்டதா, மேலே ஏறுங்கள். இன்னும் விரியவில்லையா, கீழே, தெற்கே, கடலோரம் இறங்குங்கள். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

நம் மாதக் கணக்கில் சொன்னால் மறக்காது: டோக்கியோவும் கியோத்தோவும் பங்குனி நடுவில்; புஜி அடிவாரம் பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் சமயத்தில்; வடக்கே ஹிரோசாகி கோட்டை சித்திரை முதல் பாதியில்; சப்போரோ மே தொடக்கத்தில்.

உங்கள் வாரத்துக்குக் காரை மலைப்பக்கம் திருப்பாமல் கடல்பக்கம் திருப்புங்கள். டோக்கியோவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் ஒடாவாரா கோட்டை இருக்கிறது; வெள்ளைக் கோட்டைச் சுவர், அகழி நீர், இரண்டின் மேலும் சாயும் கிளைகள். இன்னும் தெற்கே போக மனமிருந்தால் இசு தீபகற்பத்தில் இத்தோ நகருக்கு அருகே, ஓமுரோ மலை அடிவாரத்தில், ‘சக்குரா நோ சாத்தோ’ என்ற பூங்கா உண்டு. அங்கே நட்டிருப்பது ஒரே வகை அல்ல, பல வகை. ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும். தேதியை மாற்ற முடியாதவர்களுக்கு இதுபோன்ற பல்வகைத் தோட்டந்தான் காப்பீடு.

வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரி 1 முதல் டோக்கியோவின் ஒவ்வொரு நாள் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் நாளையொட்டிப் பூ விரியும். ஜப்பானியர்கள் இதை 600 டிகிரி விதி என்பார்கள். ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், ஆனால் பழைய சராசரியைவிட இது மேல்.

புக்கிட் மெர்தாஜாம்: நம் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

தனியாகச் செல்லாது. நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வேண்டும். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்டதை மட்டுமே. மலேசியா அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் சிக்கலில்லை. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் ‘சர்வதேச லைசென்ஸ் மொழிபெயர்ப்பு’ அட்டைகளுக்கு அங்கே மதிப்பில்லை. வாடகைக் கவுண்டரில் கையை விரித்துவிடுவார்கள், கட்டிய முன்பணமும் போகலாம்.

அனுமதிப் புத்தகம், அசல் மலேசிய லைசென்ஸ், கடப்பிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் அட்டையாக எடுத்துக்கொள்வது நல்லது. கணவன் மனைவி இருவரும் மாறி மாறி ஓட்டுவதென்றால் இருவருக்கும் தனித்தனிப் புத்தகம் எடுத்து, இருவர் பெயரையும் வாடகைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது இடித்தால் காப்புறுதி கிடையாது.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். முன்பதிவிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். பூக்காலத்தில் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு: ஏப்ரல் இரண்டாம் வாரம் போகிறோம், நால்வர். டோக்கியோவிலிருந்தே காரை ஓட்டிக்கொண்டு, சிவப்புக் கோபுரத்துக்குப் பின்னால் புஜி மலை தெரியும் அந்த இடத்தையும் ஏரியையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வாரம் சரியான வாரம். பார்க்க முடியும். ஆனால் டோக்கியோவிலிருந்து காரில் கிளம்புவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

சூஓ நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பூக்காலத்தில் காலியாக இருக்காது. அதைவிடப் பெரிய தலைவலி கடை நேரம். வாடகைக் கடைகள் பல காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுபவை. எட்டு மணிக்குக் காரை எடுத்து, பத்திரம் எழுதி, கீறல்களைப் படம்பிடித்து, நகர நெரிசலைத் தாண்டி மலையடிவாரம் சேரும்போது மணி பதினொன்று. அதற்குள் புஜி மலை மேகத்துக்குள் போயிருக்கும். தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் காலையில்தான். திரும்பும்போது மாலையில் கோபொத்தொகே சுரங்கப் பாதைக்கு முன்னால் வண்டிகள் தேங்கும். விடுமுறை நாளென்றால் அந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் போகலாம். எட்டு மணிக்குக் கடை மூடுமுன் காரை ஒப்படைக்கும் பதற்றத்தில் பார்த்த பூவெல்லாம் மறந்துவிடும்.

மாற்று வழி இது. ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோ வரை நேரடி விரைவு ரயில் ஓடுகிறது, பெயர் ‘புஜி காய்யு’. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எல்லா இருக்கையும் முன்பதிவு இருக்கைகள்; ஒரு மாதம் முன்னால் விற்பனை திறக்கும், பூ வாரத்தில் காலை ரயில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் போய் சிமோயொஷிதா நிலையத்தில் முதலில் இறங்குங்கள். நீங்கள் கேட்ட சிவப்புக் கோபுரம் இருப்பது அதற்கருகில், அராகுராயாமா செங்கென் பூங்காவில். நடந்தே போகலாம். கார் அங்கே உதவாது, தொந்தரவுதான்: சிறிய ஊர், ஒடுங்கிய சாலை, கொஞ்சமே கார் நிறுத்துமிடம். வண்டியை வைக்க இடம் தேடியே காலை நேரம் கரைந்துவிடும்.

கோபுரத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் ரயிலேறி கவாகுச்சிகோ நிலையம் போய், அங்கே கார் எடுங்கள். இனிமேல்தான் கார் தேவை. ஏரியின் வடகரைக்குப் போங்கள். தென்கரையில் நின்றால் புஜி மலை உங்கள் முதுகுக்குப் பின்னால். வடகரையில் நின்றால்தான் பூ, நீர், மலை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். நண்பகல் கழிந்தால் வெயில் மலைப்பக்கமிருந்தே கண்ணில் அடிக்கும், படம் வெளிறிப்போகும். அதனால் வடகரை முதலில், சாப்பாடு அப்புறம்.

ஏரிக்கரையில் இன்னும் மொட்டாகவே இருந்தால்? முகத்தைத் தொங்கப்போடாமல் 137-ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். அது மிசாகா மலையைச் சுரங்கத்தில் கடந்து, கோபு சமவெளியில் உள்ள புயெபுகிக்கு இறங்கும். உயரம் குறைவதால் அங்கே பூ முந்தும். அது சக்குராவுக்கு மட்டும் பேர்போன ஊரல்ல. பீச் பழத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. ஏப்ரல் முதல் பாதியில் சரிவெல்லாம் அடர்ந்த இளஞ்சிவப்பாக இருக்கும். சக்குராவைவிட நிறம் கூடுதல். பலர் படத்தில் பார்த்துவிட்டு ‘இது என்ன சக்குரா’ என்று கேட்பது இந்தப் பீச் பூவைத்தான். தோட்டங்கள் தனியார் நிலம். வரப்பைத் தாண்டாமல் சாலையோரம் நின்று பாருங்கள்.

எதிர்மாறாக, ஏரிக்கரையில் கொட்டிவிட்டது என்றால் மேலே ஏற வேண்டும். புஜி மலைச் சரிவில் ‘புஜி சக்குரா’ என்ற குட்டை வகை உண்டு. சிறிய பூ, தலை கவிழ்ந்து தொங்கும்; ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பூக்கும். பார்த்ததும் வாய்பிளக்கும் பூ அல்ல. குனிந்து, கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அழகு தெரியும்.

மரக்கூட்டத்தைவிடத் தனி மரம் ஒன்றைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் யாமானாஷி மாநிலம் ஹொக்குத்தோவில் உள்ள ஜிஸ்ஸோஜி கோயிலுக்குப் போகலாம். அங்கே நிற்கும் ஜின்தாய் சக்குரா ஜப்பானின் மூன்று பெரும் சக்குரா மரங்களில் ஒன்று. வயது ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் என்று சொல்லப்படுகிறது. தூண்கள் முட்டுக்கொடுத்து நிற்கும் கிழட்டு அடிமரத்திலிருந்து இளங்கிளைகள் பூக்கின்றன. சோமெய் யொஷினோ இல்லாததால் நாள்கணக்கும் வேறு. பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கம். ஆனால் அதையும் கவாகுச்சிகோவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியரின் தொடர் விடுமுறை. அந்த வாரத்தில் காரே எடுக்க வேண்டாம்.

சுங்கை பூலோ: எண்ணெய் நிலையத்தில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. எதை அடிப்பது?

எழுத்து தெரியாததைவிட நிறம் தெரிந்திருப்பதுதான் ஆபத்து. நம் ஊரில் மஞ்சள் குழாய் என்றால் ரோன் 95 பெட்ரோல், பச்சை என்றால் ரோன் 97 பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். கை பழகிப்போயிருக்கும். ஜப்பானில் சிவப்புக் குழாய்தான் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர் ஆக்டேன், பச்சை டீசல். ‘கொஞ்சம் நல்ல எண்ணெயாகவே அடிப்போம்’ என்று பழக்கத்தில் பச்சையைத் தூக்கினால் பெட்ரோல் காரில் டீசல் இறங்கும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நால்வருக்கு மலிவாகக் கிடைப்பது மஞ்சள் எண் பலகை கொண்ட 660 சிசி சிறுகார். அதற்குப் பெயர் ‘கெய்’. டீசலுக்குப் பெயர் ‘கெய்யு’. இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றே. கெய் காருக்கு கெய்யுதான் அடிக்க வேண்டும் என்று நினைத்து ஜப்பானியர்களே ஏமாறுவது உண்டு. கெய் கார் ஓடுவது சாதாரண பெட்ரோலில், அதாவது சிவப்பில். காரை வாங்கும்போதே எண்ணெய் மூடியின் உட்புறம் எழுதியிருப்பதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் அடித்துக்கொடுக்கும் நிலையமென்றால் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: ‘ரெகியூரா, மான்டான்’. சாதாரண பெட்ரோல், டேங்க் நிறைய. நீங்களே அடிக்கும் நிலையமென்றால், குழாயைத் தொடுமுன் இயந்திரத்திலுள்ள நிலைமின்தகட்டில் கை வைக்க வேண்டும். குளிர்ந்த வறண்ட காற்றில் கம்பளிச் சட்டையில் மின்னேற்றம் சேரும், பொறி பறக்கும். நம் ஈரக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது.

தப்பாக அடித்துவிட்டால் இன்ஜினைக் கிளப்பாதீர்கள். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். கிளப்பாத வரை டேங்கை வடித்துவிட்டால் தீர்ந்தது. கிளப்பிவிட்டால் குழாய், வடிகட்டி, ஊசி எல்லாவற்றிலும் டீசல் ஏறிவிடும். அங்கேயே தள்ளி நிறுத்தி வாடகைக் கடைக்குப் போன் போடுங்கள். இந்தச் செலவைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது.

டேங்கை நிரப்பித்தான் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பார்கள்.

ஜெலுத்தோங், பினாங்கு: அங்கே டோல் எப்படி? டச் அண்ட் கோ மாதிரி ஏதாவது உண்டா?

ஈடிசி என்று ஒரு மின்னணுக் கட்டண முறை இருக்கிறது, நம் பழைய ஸ்மார்ட்டேக் போன்றது. காரில் கருவி இருக்கும், அட்டை இருக்காது. அட்டையைக் கவுண்டரில் தனியாக வாடகைக்குக் கேளுங்கள். எல்லாக் கிளையிலும் கிடைக்காது என்பதால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். ஊதா நிறப் பலகை போட்ட பாதை ஈடிசிக்கு. வேகத்தை 20 கிலோமீட்டருக்குக் குறைத்து நுழைந்தால் தடுப்புக் கட்டை தூக்கும். அட்டை இல்லாதவர்கள் பச்சைப் பலகைப் பாதையில் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் பணம் கட்டலாம். ஆனால் டோக்கியோ நகர விரைவுச்சாலையில் ஈடிசி மட்டுமே உள்ள வாயில்கள் கூடிக்கொண்டே வருகின்றன.

அட்டையைச் செருக மறந்து ஊதாப் பாதையில் நுழைந்துவிட்டால் கட்டை தூக்காது. பின்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே விபத்து நடப்பது அப்படித்தான். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்திலுள்ள அழைப்புப் பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் ஆள் பேசுவார்.

டோல் கட்டணம் நம் கணக்கில் மலைக்க வைக்கும். நூறு கிலோமீட்டருக்கு ஒருவழியே சில ஆயிரம் யென் ஆகும். கார் வாடகையை மட்டும் பார்த்து ‘மலிவு’ என்று முடிவு செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கெப்போங்: அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வேறென்ன பயம்?

பெரோடுவா ஓட்டியவருக்கு ஸ்டீயரிங், சிக்னல் கம்பி எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். பயப்பட வேண்டியது நம் பழக்கங்களைத்தான். ரயில் தண்டவாளம் குறுக்கிட்டால், தடுப்பு திறந்திருந்தாலும் முழுதாக நிறுத்தி, இருபுறமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போவது குற்றம். நில் பலகை எண்கோணமல்ல, தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். அங்கேயும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். பூவின் கீழே கூட்டத்தோடு உட்கார்ந்து யாராவது ஊற்றிக் கொடுத்தால், ஓட்டுபவர் ஒரு மிடறும் தொடக்கூடாது. குடித்தவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறியவருக்கும் தண்டனை உண்டு.

லேசாக உரசினாலும் 110-க்கு அழைத்துப் போலீசை வரவழையுங்கள். ‘சின்னக் கீறல்தானே, போகலாம்’ என்று எதிரில் இருப்பவரே சொன்னாலும் சரி. போலீஸ் பதிவில்லாமல் காப்புறுதி வேலை செய்யாது. அடிப்படைக் காப்புறுதி இருந்தாலும், கார் பழுதுபார்க்கும் நாள்களுக்கென்று தனி இழப்புக் கட்டணம் வாங்குவார்கள். அதையும் சேர்த்து மூடும் திட்டத்தை எடுத்துவிட்டால் நிம்மதி.

தெலுக் கும்பார், பினாங்கு: காரை நிறுத்தியதும் தரையிலிருந்து இரும்புத் தகடு எழும்பிப் பூட்டிவிடும் என்கிறார்களே?

உண்மைதான். நாணய நிறுத்துமிடம் என்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தரையில் எண் எழுதியிருக்கும். காரை வைத்த சில நிமிடங்களில் சக்கரங்களுக்கு நடுவே தகடு எழும்பி நிற்கும். திரும்பி வந்ததும் நேராகக் காரில் ஏறாதீர்கள். முதலில் இயந்திரத்தில் கட்ட எண்ணை அழுத்தி, காட்டும் தொகையைக் கட்டி, தகடு இறங்கியதைக் குனிந்து கண்ணால் பார்த்த பிறகே ஏற வேண்டும். பணம் கட்டிவிட்டு அரட்டை அடித்துக்கொண்டு நின்றால் சில நிமிடத்தில் மறுபடி எழும்பும். எழும்பிய தகட்டின் மேல் ஏற்றினால் காரின் அடிப்பகுதி கிழிந்துவிடும்.

பல இயந்திரங்கள் ஆயிரம் யென் தாளும் நாணயமும் மட்டுமே விழுங்கும். பத்தாயிரம் யென் தாளைத் துப்பிவிடும். ஆயிரம் யென் தாள் ஐந்தாறு எப்போதும் காரில் இருக்கட்டும். பூங்காவுக்கு அருகே உள்ள நிறுத்துமிடங்கள் பூ வாரத்தில் தனி விலை போடும். பலகையைப் படம்பிடித்து, கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்: அம்மாவுக்கு 72 வயது, சுத்த சைவம். அந்தக் கோபுரத்துக்கு ஏற முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோபுரத்துக்கு 398 படிகள். பத்துமலையின் 272 படிகளைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் இங்கே வியர்க்காது, மூச்சுத்தான் வாங்கும். பத்துமலையில் இரண்டு முறை உட்கார்ந்து ஏறுபவர் என்றால் இதற்கு அரை மணி ஒதுக்குங்கள். முட்டி ஒத்துழைக்காதென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஏரியின் வடகரை சமதரை, சக்கர நாற்காலியும் உருளும். பூ அங்கே கண் மட்டத்திலேயே கிடைக்கும்.

சைவம் கொஞ்சம் பாடுதான். நூடல்ஸ் கிண்ணத்தில் காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியிலிருக்கும் சாறு காய்ந்த மீனில் எடுத்தது. யாமானாஷியின் பேர்போன பூசணிக்காய் ‘ஹோத்தோ’ உணவும் இதில் விலக்கல்ல. பெரும்பாலும் கருவாட்டுச் சாற்றில்தான் கொதிக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ‘தாஷி’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள்; அதுதான் அந்தச் சாறு.

டோக்கியோவில் தங்குமிடத்திலேயே பசியாறிவிட்டு, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதுதான் வசதி. புளிச்சோறு குளிரில் மாலை வரை கெடாது. வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். தாவரப் பொருளுக்கு நோய்த்தடுப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இறைச்சி கலந்த எதுவும், உலர்த்திய துருவலாக இருந்தாலும், விமான நிலையத்திலேயே பறிபோகும்.

அம்மாவுக்குச் சால்வை மட்டும் போதாது. ஏப்ரலிலும் ஏரிக்கரையில் விடியற்காலை உறைநிலையை ஒட்டிப் போகலாம். பூக்கும் சமயத்தில் திரும்பி வரும் குளிருக்கு ஜப்பானியர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், ‘ஹனாபியே’.

பாயா தெருபோங், பினாங்கு: கிளையைப் பிடித்து லேசாக உலுக்கினால் இதழ் கொட்டும் படம் அருமையாக வருமாமே?

செய்யாதீர்கள். கிளை ஒடிந்த இடத்தில் சக்குரா மரம் எளிதில் அழுகும். ‘சக்குராவை வெட்டுபவன் மடையன், உமே (ஜப்பானிய பிளம்) மரத்தை வெட்டாதவன் மடையன்’ என்று அங்கே பழமொழியே உண்டு. வேர் மேலாக ஓடும் மரம் என்பதால் அடிமரத்தை ஒட்டிப் பாய் விரிப்பதும் கூடாது. மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. இதழ் மழை வேண்டுமென்றால் முழு மலர்ச்சிக்கு நாலைந்து நாள் கழித்துப் போங்கள், காற்றே செய்து கொடுக்கும்.

செராஸ், கோலாலம்பூர்: ஒரு கன்று வாங்கி வந்து கேமரன் மலையிலோ வீட்டுத் தொட்டியிலோ வளர்க்கலாமா?

அனுமதி இல்லாமல் செடியைக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். அனுமதியோடு வந்தாலும் தொட்டியில் இலைதான் மிஞ்சும். சக்குராவின் பூ மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கிவிடுகிறது. அந்த உறக்கம் கலைய வாரக்கணக்கில் குளிர் வேண்டும். அதற்குப் பிறகு வரும் வெப்பத்தில்தான் விரியும். குளிர்காலம் போதிய அளவு குளிராத ஆண்டுகளில் ஜப்பானின் தென்கோடி ஊர்களிலேயே பூ பிந்துகிறது. செராஸில் அது உறங்கவும் செய்யாது, விழிக்கவும் செய்யாது.

பட்டர்வொர்த்: ஜப்பானுக்குப் போக வசதியில்லை. நம் ஊர்ச் சாலையோரம் பூப்பதையும் சக்குரா என்கிறார்களே, அது என்ன?

அது தெக்கோமா, தாவரப் பெயர் தபெபுயா ரோசியா. தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. சக்குராவுக்கு உறவே இல்லை. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துப் பாருங்கள்: ஐந்து மடலும் அடியில் ஒட்டி, ஊதுகுழல்போல் ஒரே குழாயாக இருக்கும்; முழுப்பூவாகத்தான் விழும். சக்குராவில் ஐந்து இதழும் தனித்தனி, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு வெட்டு. விழுவதும் இதழ் இதழாக. இலையும் காட்டிக்கொடுக்கும். தெக்கோமாவுக்கு விரித்த கைபோல் ஐந்து சிற்றிலைகள்.

உறவில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இலை முழுக்க உதிர்த்துவிட்டுப் பூ மட்டுமாய் நிற்கும் தெக்கோமா வரிசைக்கு முன் தூரத்துப் பார்வையில் சக்குரா தோற்றாலும் தோற்கும். அதற்கும் நாள் குறிக்க முடியாது. விதி மட்டும் வேறு. அது எண்ணுவது குளிரையல்ல, வறட்சியை. பல வாரம் மழையில்லாமல் காய்ந்து, பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் மொட்டு விடும். வடக்கில் நமக்குத் தைப்பூசத்தை ஒட்டி வெயில் காயும். அதற்கடுத்துப் பெரிய மழை என்றைக்குப் பெய்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வேலைக்குப் போகும் வழியில் மரங்களை நிமிர்ந்து பாருங்கள். ஆண்டின் பிற்பாதியில் இன்னொரு முறையும் பூப்பதுண்டு. ஒரு மரம் உச்சத்தில் நிற்பது சில நாள்தான்.

காரில் போவதென்றால் விடியற்காலையில், கூட்டிப் பெருக்கும் முன் போங்கள். தரையில் விழுந்த பூ பத்து மணி வெயிலில் சுருங்கிக் கறுத்துவிடும். நெடுஞ்சாலை அவசரப் பாதையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், சம்மனும் வரும், லாரியும் வரும். பக்கத்துக் குடியிருப்புச் சாலையில் காரை விட்டுவிட்டு நடங்கள். மழை பெய்திருந்தால் விழுந்த பூ மசிந்து சாலை வழுக்கும்; மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் வளைவில் பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும்.